வாய் திறக்காத வேலை

ஏறாவூர்
2024.07.04

மகள் ஸுஹைனாவுக்கு,

உம்மாவின் ஸலாம். நீ பதில் சொல்லமாட்டாய் என்று தெரியும். சொல்வது என் கடமை, சொல்லிவிட்டேன்.

நான் ஸஹீதாவின் வீட்டில் இருக்கிறேன். ரியாத்தில் எங்கள் மதாமின் அடுத்த வீட்டில் வேலை செய்தவள். ஊருக்கு வந்தபிறகு மௌத்தான பொம்பிளைகளின் மையத்தைக் குளிப்பாட்டும் வேலையை எனக்குப் பழக்கியவளும் அவள்தான். ஆகவே இனி ஏசும்போது அவளையும் ஒரு பங்கு சேர்த்துக்கொள். பகலில் அவளுடைய தறிக்கு நூல் சுற்றிக் கொடுக்கிறேன். சும்மா இருந்து சாப்பிடுகிறேன் என்று உன் புருஷன் மர்சூக் நினைக்க வேண்டாம்.

போனைப் பிரிட்ஜுக்கு மேல் வைத்துவிட்டு வந்தேன். அது மர்சூக் வாங்கித் தந்தது. அதில் நான் பேசிப் பதிந்த குரலை ஸ்பீக்கரில் போட்டு நீங்கள் எல்லோரும் சிரித்ததைக் குசினிப் பக்கத்து அறையில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். கடிதத்தை அப்படிச் சத்தமாகப் போட முடியாது. இதைக் கச்சி முகம்மது கொண்டுவருவார். வாரத்தில் இரண்டு தரம் சாரன் மூட்டையோடு உங்கள் கடைக்கு வருகிறவர்தானே.

நீ சொன்னதை நான் மறக்கவில்லை, நீ மறந்திருந்தால் எழுதுகிறேன். என் பேத்தி நிஸ்றாவுக்கு ஒரு பிடி சோறு குழைத்துக் கையில் வைத்தேன். இருபது வயதுப் பிள்ளை, கல்யாணப் பேச்சு நடக்கிற பிள்ளை, அவளாகத்தான் "மூத்தம்மா, ஒரு புடி தாங்க" என்று கேட்டாள். நீ ஓடிவந்து அவள் கையைத் தட்டிவிட்டாய். "மையத்தக் கழுவின கையால எண்ட புள்ளைக்குச் சோறு குடுக்காதீங்க" என்றாய். மறுகா என் தலையணையைக் கொண்டுபோய் வெளிக்கதவடியில் வைத்தாய்.

அந்தக் கை கட்டிய வீடு அது. உன் நிக்காஹுக்கு உன் பெயரில் எழுதினேன். நம்முடைய ஊரில் எல்லா உம்மாமாரும் செய்வதுதான், அதைச் சொல்லிக் காட்டவில்லை. எழுதும்போது எனக்கென்று ஒரு கதவாவது வைத்து எழுதியிருக்கலாம் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்தேன். அவ்வளவுதான்.

ஏன் இந்த வேலை என்று நீ ஒருநாளும் கேட்கவில்லை. கேட்காமலே ஏசினாய். கேட்காததையும் சொல்கிறேன். ரியாத்தில் இருபத்தாறு வருஷம் பாத்திரம் கழுவினேன், பிள்ளைகளைக் கழுவினேன், தரையைக் கழுவினேன். எதைக் கழுவினாலும் பின்னால் ஒருத்தி நின்று "இன்னொருக்கா" என்பாள். கடைசியில் அந்தக் கிழட்டு மதாம் மௌத்தானபோது மூன்று மகள்மாரும் வாசலில் நின்றார்கள், உள்ளே வரப் பயம். நான்தான் தண்ணீர் ஊற்றினேன். என்னை ஏசாத நாளில்லாத மனுஷி, கனமே இல்லாமல் என் கைக்குள் கிடந்தா. நான் அவசரப்படவில்லை. யாரும் அவசரப்படுத்தவுமில்லை. அந்த ஒரு மணித்தியாலம்தான் அந்த நாட்டில் நான் வேலைக்காரியாக இல்லாமல் இருந்த நேரம். இங்கே வந்து இரண்டு வருஷம் உன் குசினி மூலையில் சும்மா இருந்து பார்த்தேன். முடியவில்லை.

என் சாமான் இரண்டு அங்கே கிடக்கிறது. மையத்துக்கு உடுத்தும் கபன் துணி வெட்டும் கத்தரிக்கோல், நீல வாளி. கொடுத்துவிடு.

உம்மா
கைறுன்னிஸா


காத்தான்குடி
2024.07.09

உம்மா,

கச்சி முகம்மது காக்கா உங்கள் கடிதத்தைக் கடையில் நாலு பேருக்கு முன்னால் நீட்டியிருக்கிறார். "மாமி காயிதம் போட்டிருக்கா" என்று சொல்லிச் சிரித்தாராம். இனிமேல் வீட்டு வாசலில் தரச் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் எழுதிய ரியாத் கதையை வாசித்தேன். அந்த மதாமுக்கு நீங்கள் அவசரப்படாமல் தண்ணீர் ஊற்றியிருக்கிறீர்கள். நல்லது. வாப்பா மௌத்தான மறுவருஷம் நீங்கள் பிளேன் ஏறினீர்கள், எனக்குப் பதினொரு வயது. நான் பெரியபிள்ளையானபோது அடுத்த வீட்டு ராத்தாதான் எனக்குத் தலைக்குத் தண்ணீர் வார்த்தா. நீங்கள் கசெட்டில் பேசி அனுப்பினீர்கள். அந்தக் கசெட்டில் பாதிக்கு மேல் மதாம் உங்களைக் கூப்பிடும் சத்தம். நிக்காஹுக்கு வந்து இருபது நாள் நின்றீர்கள். நிஸ்றா பிறந்ததற்கு வரவில்லை.

திரும்பி வந்தீர்கள். இனியாவது உம்மா மாதிரி வீட்டில் இருப்பீர்கள், ஓதுவீர்கள், நிஸ்றாவுக்குத் தலை சீவிவிடுவீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் அடுத்த வேலை தேடினீர்கள். அதுவும் ஊரில் ஒருத்தரும் ஆசைப்பட்டுச் செய்யாத வேலை. உயிரோடிருக்கிற மகளைத் தொட்டுப் பார்க்க நேரமில்லாத கைக்கு, செத்துப்போன பொம்பிளைகளுக்கு மட்டும் எங்கிருந்து நேரம் வருகிறது?

இருந்தாலும் நான் பொறுத்துத்தான் இருந்தேன். பொறுக்க முடியாமல் செய்தது நீங்கள். நோன்புக்கு முந்தி, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபரின் மனைவியைக் குளிப்பாட்டிவிட்டு வந்து மையத்து வீட்டில் எல்லாப் பொம்பிளைகளுக்கும் நடுவில் என்ன சொன்னீர்கள்? "முகம் அப்படியே பூத்துக் கிடந்திச்சி" என்றீர்கள். ஊர் முழுக்கப் பேசினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, அதை மறைக்கவில்லை.

போன மாதம் ஷாமிலின் பெரியம்மா மௌத்தானா. நம்முடைய நிஸ்றாவுக்குப் பேசிய மாப்பிள்ளையின் சொந்தப் பெரியம்மா. அங்கேயும் நீங்கள்தான் குளிப்பாட்டினீர்கள். ஷாமிலின் உம்மா அத்தனை பேருக்கு முன்னால் கேட்டா, "மாமி, எங்கட ராத்தா எப்பிடி இருந்தா?" நீங்கள் என்ன சொன்னீர்கள்? "தண்ணி ஊத்தினன், கபன் உடுத்தினன், துஆச் செய்ங்க." அவ்வளவுதான். இருந்த பொம்பிளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அதிபரின் மனைவிக்கு முகம் பூத்தது, இவவுக்கு என்ன ஆனது? முகம் கறுத்துக் கிடந்ததாம், உடம்பில் என்னவோ இருந்ததாம், இன்றைக்கு ஊரில் நாலு கதை. அவர்கள் பேச்சை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

ஒரு நல்ல வார்த்தை. நான் கேட்பது அவ்வளவுதான். ஷாமிலின் உம்மாவிடம் போய் "ராத்தாட முகமும் நல்லா இருந்திச்சி" என்று சொல்லுங்கள். மறுகா இந்த வேலையை விட்டுவிடுங்கள். விட்டால் உங்கள் அறை இருக்கிறது.

கத்தரிக்கோலைக் காக்காவிடம் கொடுத்துவிட்டிருக்கிறேன். நீல வாளியைக் கேட்காதீர்கள். மீன் கழுவின தண்ணீர் ஊற்ற வைத்திருக்கிறேன்.

ஸுஹைனா


ஏறாவூர்
2024.07.18

மகள் ஸுஹைனாவுக்கு,

ஸலாம்.

நீ எழுதியதில் ஒன்று சரி. பிழை என்னுடையதுதான். ஆனால் நீ நினைக்கிற இடத்தில் இல்லை. ஷாமிலின் பெரியம்மாவுக்கு வாய் திறக்காதது பிழையில்லை. அதிபரின் மனைவிக்கு வாய் திறந்ததுதான் பிழை.

அந்தச் செய்தி இங்கே வந்த அன்றே ஸஹீதா போனெடுத்து என்னை நாய்க்கு ஏசுவது போல் ஏசினாள். "ஒருத்திட முகம் பூத்த எண்டு சொன்னியே, நாளைக்கு முகம் பூக்காம ஒருத்தி வந்தா அவட புள்ளைகளுக்கு என்னகா சொல்லப் போறாய்?" என்றாள். நான் அதை யோசிக்கவில்லை. அறுபத்தொரு வயதில் ஒரு வேலையில் புதிதாகச் சேர்ந்தால் அப்படித்தான். அதிபர் வீட்டில் எல்லோரும் எனக்கு எழுந்து இடம் தந்தார்கள். கையைப் பிடித்தார்கள். எனக்கு என் வாழ்நாளில் யாரும் எழுந்து இடம் தந்ததில்லை. அந்தச் சந்தோஷத்தில் வாய் தானாகத் திறந்துவிட்டது. அவர்கள் கேட்கக்கூட இல்லை.

ஆகவே இனி நல்லதும் சொல்லமாட்டேன், கெட்டதும் சொல்லமாட்டேன். யாருக்கும். உன் சம்பந்தியாகப் போகிறவளுக்கும்.

நான் இதில் பெரிய கெட்டிக்காரி என்று நினைக்காதே. முதல் மையத்தில் தண்ணீரைச் சூடாக ஊற்றப் பார்த்தேன். ஸஹீதா மணிக்கட்டில் அடித்தாள். "அவக்குச் சுடாதெண்டு நினைச்சியா? உன்ட மணிக்கட்டுல ஊத்திப் பாரு முதல்ல." அன்றைக்கு வீட்டுக்கு வந்து சத்தி எடுத்தேன். நீ "சாப்பாடு பிழைச்சிருக்கும்" என்றாய். இப்போது பதம் பிழைக்காது. மணிக்கட்டில் ஊற்றிப் பார்த்து, வலப்பக்கத்தில் தொடங்கி, மேலே மூடிய துணியை விலக்காமல், தலையணை மாற்றுவது போல் மெல்லப் புரட்டுவேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. என் வயதில் ஒருத்தி ஒன்றைச் சரியாகச் செய்யப் பழகியிருக்கிறாள்.

வெட்கப்பட வேறொன்று இருக்கிறது, அதை உனக்கு மட்டும் எழுதுகிறேன். இரண்டு கிழமை யாரும் மௌத்தாகாவிட்டால் எனக்குக் கை பரபரக்கிறது. பள்ளிவாசல் ஸ்பீக்கர் கரகரத்தால் காது போகிறது. பெயர் சொல்லுகிறார்களா, பொம்பிளையா என்று. மறுகா என்னை நானே காறித் துப்பிக்கொள்கிறேன். இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது என்பது யாராவது சாக வேண்டும் என்பது போல் ஆகிவிடுகிறதே. சில நாள் விட்டுவிடலாம் என்றும் நினைக்கிறேன். விட்டால் எங்கே போவேன்? உன் குசினி மூலைக்கு. அங்கே நான் உயிரோடிருக்கிறேனா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

வாளியில் மீன் தண்ணீர் ஊற்றினாயா? ஊற்று. மீனையாவது ஒழுங்காகக் கழுவு. நீ ஆக்கும் பாலை மீன் கறியில் எப்போதும் செதில் கிடக்கும்.

உம்மா


காத்தான்குடி
2024.07.27

உம்மா,

நல்ல செய்தி. நிஸ்றாவின் நிக்காஹ் சரிவந்துவிட்டது. ஒக்டோபர் கடைசியில். நீங்கள் வாய் திறக்காததால் இவர்தான் போய் அவர்களோடு கதைத்துச் சமாளித்தார்.

எப்படிச் சமாளித்தார் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். "மாமி திரும்பிச் சவூதிக்குப் போயிட்டா, இனி இஞ்ச வரமாட்டா" என்று சொல்லியிருக்கிறார். அவர்களுக்கும் அது போதுமாக இருந்தது. ஆகவே நவம்பர் வரைக்கும் நீங்கள் இந்தப் பக்கம் வரவேண்டாம். கல்யாணத்துக்கும் வேண்டாம். நிஸ்றா ஒரு நாள் அழுதாள். இப்போது அழவில்லை. உங்களுக்கு இது பெரிய விஷயமாக இருக்காது. எங்கள் கல்யாணங்களுக்கு வெளிநாட்டில் இருந்து பழகியவர்தானே.

வேறொன்று. அந்தப் பெரியம்மாவின் உடம்பில் நீங்கள் என்ன கண்டீர்கள்? ஷாமில் வீட்டுக்காகக் கேட்கவில்லை. ஊருக்காகவும் இல்லை. எனக்கு மட்டும் சொல்லுங்கள். வாசித்துவிட்டுக் கிழித்துவிடுகிறேன்.

ஸுஹைனா


ரியாத்
2024.08.05

மகள் ஸுஹைனாவுக்கு,

ஸலாம்.

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்தாயா? உன் புருஷன் அனுப்பிவிட்டார், வந்து சேர்ந்துவிட்டேன். விஸாவும் வேண்டியிருக்கவில்லை, பிளேனும் வேண்டியிருக்கவில்லை, ஒரு பொய் போதுமாக இருந்தது. இங்கே நல்ல வெயில். ஏறாவூர் மாதிரியே இருக்கிறது. தறிச்சத்தம் கேட்கிறது, பக்கத்து வீட்டில் அடுப்பில் மாசிச் சம்பல் வாசம். கச்சி முகம்மது ஒட்டகத்தில் வந்து கடிதம் வாங்கிப் போகிறார். அவரிடம் இதைச் சொன்னேன். "அப்ப பேரீச்சம்பழம் வாங்கிட்டுப் போறன் மாமி, மர்சூக் கேப்பாரு" என்றார். சிரித்தோம். அவர் போனபிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நிஸ்றாவின் கல்யாணத்துக்கு வரமாட்டேன். நீ வேண்டாம் என்ற இடத்துக்கு நான் வருகிறவளில்லை. அவளுக்கு ஒரு சாரி நெய்ய ஸஹீதாவிடம் சொல்லியிருந்தேன். இனி அதை யாருக்காவது விற்கட்டும்.

நீ கேட்டதற்குப் பதில்: சொல்லமாட்டேன். அந்த மனுஷி என்னை நம்பித் தன் உடம்பைத் தரவில்லை, தருவதற்கு அவவுக்கு வாயில்லை. அதனால்தான் என் வாய் பூட்டிக் கிடக்கிறது. நீ என் மகள் என்பதற்காக அந்தப் பூட்டைத் திறந்தால், நாளைக்கு இன்னொருத்தி தன் மகளுக்குத் திறப்பாள். என்னிடம் இருப்பது இந்த ஒன்றுதான் ஸுஹைனா. வீட்டை உன்னிடம் கொடுத்துவிட்டேன், வயதை ரியாத்தில் கொடுத்துவிட்டேன். இதைத் தரமாட்டேன்.

ஆனால் ஏன் கேட்கிறாய்? மற்றவர்கள் உடம்பைப் பற்றிக் கேட்கிற பழக்கம் உனக்கு இல்லையே. வம்புப் பேச்சென்றால் எழுந்து போகிறவள் நீ. மூன்று தரம் உன் கடிதத்தை வாசித்துவிட்டேன், விளங்கவில்லை.

உம்மா


காத்தான்குடி
2024.08.26

உம்மா,

மூன்று கிழமை யோசித்துவிட்டு எழுதுகிறேன். இவர் கடைக்குப் போய்விட்டார். நிஸ்றா தையல்காரியிடம் போயிருக்கிறாள்.

ஷாமிலின் பெரியம்மா கடைசி ஆறு மாதமாக எங்கே வந்தாலும் அத்தர் பூசிக்கொண்டுதான் வருவா, மூக்கை அடைக்கும் அளவுக்கு. இடது கையை உடம்போடு ஒட்டியே வைத்திருப்பா. பெண் பார்க்க வந்த அன்று தேத்தண்ணிக் கோப்பையைக்கூட வலது கையால் மட்டும்தான் வாங்கினா. காய்ச்சலில் மௌத்து என்றார்கள். நான் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏனென்றால் நானும் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

இடது மார்பில். நோன்பு காலத்தில் குளிக்கும்போது கைபட்டது, புளியங்கொட்டை அளவு. இப்போது தேசிக்காய் அளவு. மேல்தோல் தோடம்பழத் தோல் மாதிரி குழி குழியாக ஆகியிருக்கிறது. யாருக்கும் தெரியாது. இவருக்கும் தெரியாது. டொக்டரிடம் போகவில்லை. இந்த ஊரில் ஒருத்தி கிளினிக் வாசலில் நின்றால் அஸருக்கு முந்தி பத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் ஷாமில் வீட்டில் என்ன கேட்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். உம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வருமா என்பார்கள். நிஸ்றாவின் வாழ்க்கை முடிந்தது. ஆகவே நிக்காஹ் முடியட்டும். நவம்பரில் பார்த்துக்கொள்கிறேன்.

அதற்கு முந்தி எனக்கு ஏதாவது ஆனால், நீங்கள் வந்து என்னைக் குளிப்பாட்ட வேண்டும். நீங்கள் மட்டும். கதவைச் சாத்திக்கொண்டு. வேறு ஒருத்தரும் பார்க்கக்கூடாது. யாராவது எப்படி இருந்தாள் என்று கேட்டால் தண்ணீர் ஊற்றினேன், கபன் உடுத்தினேன் என்று சொல்லுங்கள். இரண்டு மாதமாக அந்த வாயைத்தான் ஏசினேன். இப்போது எனக்கு அந்த வாய்தான் வேண்டும்.

நான் பிறந்ததில் இருந்து உங்களிடம் ஒன்றும் கேட்டதில்லை. நான் கேட்ட நேரத்தில் நீங்கள் நாட்டில் இருந்ததுமில்லை. நான் சாகிற நேரத்திலாவது பக்கத்து ஊரில் இருக்கிறீர்களே.

ஓம் என்று மட்டும் எழுதுங்கள்.

ஸுஹைனா


ஏறாவூர்
2024.08.28

ஸுஹைனா,

மாட்டேன்.

நாற்பத்தொரு பொம்பிளைகளைக் குளிப்பாட்டியிருக்கிறேன். ஒருத்திக்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை. உனக்குத்தான் முதலாவதாகச் சொல்கிறேன்.

நாளைக் காலையில் முதல் பஸ்ஸில் வருகிறேன். இந்தக் கடிதத்தைக் கச்சி முகம்மது உன் கையில் தரும்போது நான் மர்சூக்கின் கடையில் நிற்பேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அங்கிருந்து நேரே ஷாமிலின் வீட்டுக்குப் போவேன், ரியாத்தில் இருந்து வந்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு. அவனுடைய உம்மாவிடமும் சொல்வேன். அதன்பிறகு உன்னிடம் வருவேன், உன்னை மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக.

ஷாமில் வீட்டுக்கு ஏன் என்று நீ கத்துவாய். கத்து. மர்சூக்கிடம் மட்டும் சொன்னால் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நவம்பருக்குத் தள்ளிப்போடுவீர்கள், உங்களை எனக்குத் தெரியும். இந்தக் கல்யாணத்துக்காகத்தானே மறைக்கிறாய்? மறைக்க ஒன்றும் மிஞ்சாமல் செய்துவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தவிர உனக்கு வேறு வேலை இருக்காது. கல்யாணம் நின்றால் நிற்கட்டும். நிஸ்றா என்னைச் சபிப்பாள். உம்மா இல்லாமல் வளர்ந்த பிள்ளை எப்படி இருப்பாள் என்று உன் கடிதங்களில் வாசித்தேன். அதைவிட அவள் என்னைச் சபித்துக்கொண்டு இருப்பது பரவாயில்லை.

வாய் திறக்காமல் இருப்பது மௌத்தானவர்களுக்கு நான் கொடுத்த வாக்கு. நீ மூச்சுவிடுகிறாய். உனக்கு நான் ஒரு வாக்கும் கொடுக்கவில்லை.

அந்தப் பெரியம்மாவைப் பற்றி இப்போதும் ஒரு வார்த்தை எழுதமாட்டேன். ஆனால் இன்றைக்கு லுஹருக்கு உன் கடிதத்தை வாசித்தேன், நாளைக் காலை வரைக்கும் பொறுக்க முடியாமல் வீட்டுக்கும் வெளிக்கதவுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். ஏன் என்று யோசித்துக்கொள்.

உம்மா


மஹரகம ஆஸ்பத்திரி
2024.10.06

உம்மா,

இதை இவர் ஊருக்கு வரும்போது உங்களிடம் தருவார்.

ஒப்பரேஷன் முடிந்து பதினெட்டு நாள். இடது பக்கம் முழுக்க எடுத்துவிட்டார்கள். கமக்கட்டுக்குள்ளும் வெட்டியிருக்கிறார்கள். மருந்து ஏற்றுவது அடுத்த கிழமை தொடங்கும். மிச்சத்தை டொக்டர்மார் எனக்குச் சொல்வதில்லை, இவருக்குச் சொல்கிறார்கள். இவர் வெளியே போய் நின்றுவிட்டு வந்து "ஒண்டுமில்ல" என்கிறார்.

சம்பந்தம் முறிந்துவிட்டது, உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாததை எழுதுகிறேன். நீங்கள் போய்ச் சொன்ன அன்று ஷாமிலின் உம்மா உங்கள் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினாவே, மூன்றாம் நாள் என்னிடம் வந்தா. கட்டிலில் என் பக்கத்தில் இருந்து அழுதா. அவர்களுக்கு முதலே தெரியும். அவவின் ராத்தாவுக்கு இருந்தது தெரிந்தே, ஷாமிலின் கல்யாணம் கெட்டுவிடும் என்று டொக்டரிடம் காட்டாமல் அறைக்குள் வைத்திருந்திருக்கிறார்கள். அத்தர் வாங்கிக் கொடுத்ததே அவதானாம். நீங்கள் ஒரு நல்ல வார்த்தை சொன்னால் ஊர் நம்பிவிடும் என்றுதான் உங்களிடம் கேட்டிருக்கிறா. அழுதுமுடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆனா இந்தச் சம்பந்தம் நமக்குச் சரிவராது, கோவிக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனா. அவர்கள் கொண்டுவந்த சாரிகளையும் வாங்கிக்கொண்டு போனா.

நிஸ்றா உங்கள் பெயரைச் சொல்வதில்லை. என்னோடும் கதைப்பதில்லை. கஞ்சி கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போய் வெளியே வாங்குப் பலகையில் இருக்கிறாள்.

நானும் உங்களை மன்னிக்கவில்லை. அதை எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும். நான் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டேன், நீங்கள் மாட்டேன் என்றீர்கள். பஸ்ஸில் வந்து என் வீட்டு வாசலில் நின்று என் வாழ்க்கையைத் தெருவுக்கு இழுத்துப் போட்டீர்கள். மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் உங்கள் பக்கத்தில் இருந்த ஐந்து மணித்தியாலமும் நான் உங்களோடு கதைக்கவில்லை. இங்கே வரவேண்டாம் என்றதும் நான்தான். இப்போதும் கதைக்க ஆசையில்லை.

ஆனால் இடது கையைத் தூக்க முடியாது. நாளை மறுநாள் தையல் வெட்டுகிறார்கள், அதன்பிறகு குளிக்கலாம் என்றார்கள். வார்டில் உதவிக்கு ஒரு பொம்பிளை இருக்கிறா, நல்ல மனுஷி. அவ துணியை விலக்க வந்தபோது நான் கத்திவிட்டேன். நிஸ்றாவுக்குக் காட்டமாட்டேன். இவருக்கும் காட்டமாட்டேன். நானே இன்னும் பார்க்கவில்லை.

வாளியில் மீன் தண்ணீர் ஊற்றவில்லை. கோபத்தில் எழுதினேன். உங்கள் அறையில் கட்டிலுக்குக் கீழே கவிழ்த்து வைத்திருக்கிறேன். இவரோடு வரும்போது எடுத்துக்கொண்டு வாருங்கள்.

மணிக்கட்டில் ஊற்றிப் பாருங்கள். வலப்பக்கத்தில் தொடங்குங்கள். துணியை விலக்காமல் செய்யத் தெரியும் என்று எழுதினீர்கள். முடிந்தபிறகு எப்படி இருந்தது என்று யாரிடமும் சொல்லாதீர்கள், என்னிடமும் சொல்லாதீர்கள்.

மையத்துகளோடு நீங்கள் கதைப்பதில்லைதானே. என்னோடும் கதைக்கவேண்டாம். தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள்.

உங்களுக்கு என் ஸலாம்.

ஸுஹைனா